குழந்தைக்கு ஊசி போட்டார்கள், எனக்கும் போட்டார்கள்

குப்புறக் கவிழ்ந்துகொண்டிருந்த என் மகள் ஏழு மாதம் கடந்ததும் கவிழ்வதை விட்டுவிட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவது குறைந்தது. ஆனால் கன்னம் உப்பி, கொழுகொழுவென்றுதான் இருந்தாள். அதனால் வீட்டில் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. விரல் கணுக்கள் மட்டும் கருத்துக்கொண்டே வந்தன.

ரத்தசோகை என்று இரும்புச் சத்துச் சொட்டு மருந்து கொடுத்தோம். ஹீமோகுளோபின் ஏறவில்லை. அடுத்துப் பார்த்த குழந்தை மருத்துவர், அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: “நீங்கள் என்னம்மா சாப்பிடுவீர்கள்?” நான் சைவம், பாலும் ஒத்துக்கொள்ளாது. இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். குழந்தையின் சிவப்பணுக்கள் இயல்பைவிடப் பெருத்திருந்தன. வைட்டமின் பி12 இருவருக்குமே மிகக் குறைவு.

பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் இந்தச் சத்து இயல்பாகக் கிடைக்கிறது. கீரையும் பருப்பும் எவ்வளவு உண்டாலும் ஈடாகாது. பெரியவர்களின் கல்லீரலில் அது பல ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருப்பதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. குறைந்த இருப்போடு பிறந்த குழந்தைக்கு என் பால்தான் வழி, அதிலும் இல்லை. கர்ப்ப காலத்தில் விழுங்கிய ஃபோலிக் அமில மாத்திரை பி12-க்கு மாற்றாகாது. ரத்தசோகையை மறைத்து, நரம்புப் பாதிப்பைத் தெரியாமல் வளரவிடவும் கூடும். கர்ப்பிணிகளிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டாமா?

தொடையில் ஊசி போட ஆரம்பித்த சில நாட்களிலேயே பசி வந்தது, முகம் பார்த்தாள். பிறகு கை நடுங்கத் தொடங்கியது. சிகிச்சை தொடங்கியபின் சில குழந்தைகளுக்கு இப்படி வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டோம். அது மெல்ல அடங்கியது.

“உன் பாலை நிறுத்திவிடு” என்று உறவினர்கள் சொன்னது ஊசியைவிட வலித்தது. மருத்துவர் ஒப்பவில்லை. தாய்க்குச் சத்து ஏறினால் பாலிலும் ஏறும் என்றார். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்குச் சில மைக்ரோகிராம்தான் பரிந்துரை. என் குறைபாட்டுக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை.

அவள் இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பேச்சு கொஞ்சம் தாமதம். வளர்ச்சிப் பரிசோதனைக்குத் தொடர்ந்து போகிறோம். பால், முட்டை, இறைச்சி எதுவும் சாப்பிடாத கர்ப்பிணிகள் அதை முதல் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் சொல்லி, பி12 அளவைப் பார்க்கக் கேளுங்கள்.