கோலாலம்பூர் அறையில் பொம்மை அலமாரி

பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ அறை எடுத்துத் தங்கும் புதியவர்களுக்கு இட்லி மாவு எங்கே கிடைக்கும், எந்த மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) டீ நன்றாக இருக்கும் என்பதெல்லாம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும். வீடியோ கேம் பொம்மை சேர்க்கும் கிறுக்கும் கூட வந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் பொம்மை கிடைத்துவிடும். அதைக் கெடாமல் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

இங்கே பேசுவது கடையில் தனியாக விற்காத விளம்பரப் பொம்மைகளைப் பற்றி. சாப்பாட்டோடு, குளிர்பானத்தோடு, இல்லையென்றால் விளையாட்டின் சிறப்புப் பதிப்போடு சேர்த்துக் கொடுத்தவை. 1990இல் அமெரிக்க மெக்டோனல்ட்ஸ் ஹேப்பி மீலில் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 பொம்மைகள் வந்தன. 2016இல் வட அமெரிக்காவில் மெகா மேன் லெகசி கலெக்‌ஷன் சிறப்புப் பதிப்போடு தங்க நிற மெகா மேன் அமீபோ (விளையாட்டுக் கருவி படிக்கும் சிப் வைத்த நின்டென்டோ பொம்மை) வந்தது. 2017இல் ஜப்பானில் மட்டும் பாக்ஸ்பாய் தொகுப்போடு க்யூபி அமீபோ வந்தது. அதே ஆண்டுக் கடைசியில் கெல்லாக்ஸ் வெளியிட்ட மரியோ சீரியலில் அட்டைப்பெட்டியே அமீபோ, பொம்மை கிடையாது. கொடுத்து முடித்ததும் இவை கடையில் கிடைக்காது. பிள்ளைகள் கையில் போய் உடைந்தவை பாதி, குப்பையில் போனவை மீதி.

பர்கர் கிங்கின் போக்கிமான் பொம்மைகளுக்குத் தனிக் கதை. 1999 நவம்பரில் 57 வகைகள், ஒவ்வொன்றும் இரண்டாகத் திறக்கும் பந்துக்குள். அந்தப் பந்தின் ஒரு பாதி குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டு மூச்சடைக்கும் என்று தெரிந்ததும், டிசம்பர் 27 அன்று இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திருப்பிக் கொடுத்தவருக்கு ஒரு சிறிய பிரெஞ்சு ஃப்ரைஸ் இலவசம்! அதனால் பந்தில்லாமல் வரும் பொம்மையைப் பார்த்து விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் பந்தை உயரத்தில் வையுங்கள்.

வாங்கும்போது முதலில் பாதத்தின் அடியைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டு, தயாரித்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போக்கிமான் பொருள்களில் 1995, 1996, 1998 என்று மூன்று ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அதைக் காட்டி “இது 95ஆம் வருசத்து சாமான், பாஸ்” என்று ஏற்றி விற்பவர்கள் உண்டு. ஜப்பானியப் பொருளில் ‘ஹிபைஹின்’ என்று அச்சிட்டிருந்தால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அர்த்தம். அதைத்தான் நாம் தேடுகிறோம். ஜப்பானிய எழுத்து படிக்க வராதவர்கள் போனில் கூகுள் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தங்க நிறம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். சாதாரண மரியோவுக்குத் தங்கப் பெயின்ட் அடித்து விற்பது சுலபம். அமீபோவின் அடித்தட்டில் என்டேக் 215 என்ற சிப் இருக்கிறது. 2015இல் வந்த தங்க மரியோவின் சிப்பில் எழுதியிருக்கும் எண்ணும் சாதாரண மரியோவின் எண்ணும் வேறு வேறு. போனில் என்எஃப்சி, அதாவது இப்படி அருகில் வைத்தே படிக்கும் சிப்பைப் படிக்கும் செயலி இருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அக்குள், தொப்பியின் உள்விளிம்பு, காலிடுக்கு ஆகிய இடங்களில் பெயின்ட் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, அமீபோவுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கியதும் உங்கள் நின்டென்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியில் வேலை செய்யும்.

எங்கே தேடுவது? கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கிளானா ஜெயா ரயில் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் தாமான் ஜெயா. எதிரே அம்கார்ப் மால். சனி, ஞாயிறுகளில் அங்கே பழம்பொருள் சந்தை கூடும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மோனோரயிலில் இம்பியில் இறங்கினால் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேர் மால். அடுத்த நிறுத்தம் புக்கிட் பிந்தாங், அங்கே சுங்கை வாங் மால். சந்தையில் பெரியவரான சீனக் கடைக்காரரை ‘அங்கிள்’ என்றும், மலாய்க்காரரை ‘பாங்’ என்றும், நம்மவரை ‘அண்ணே’ என்றும் கூப்பிட்டு, “போலே குராங்?” என்று கேட்டால் போதும். விலை குறையுமா என்று அர்த்தம். முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள். ஐந்து பத்து வெள்ளியாவது (ரிங்கிட்) இறங்கும். வங்கிக் கணக்கு திறக்கும்வரை ரொக்கமாகக் கொண்டுபோங்கள். சின்ன மேசைக்காரர்கள் நூறு வெள்ளி நோட்டுக்குச் சில்லறை தேடுவார்கள்.

ஜப்பானிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால் வரியைக் கணக்கில் சேருங்கள். 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி இறக்குமதியாகும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10% விற்பனை வரி உண்டு. மதிப்பு அதைத் தாண்டினால் சுங்கத்தின் வழக்கமான கணக்குக்குள் போய்விடும். மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். வழியில் தொலைந்தால் குறைத்து எழுதிய தொகைதான் இழப்பீடாகக் கிடைக்கும்.

இனி ஈரம். கோலாலம்பூர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அட்டைப்பெட்டி நெளியும், பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அச்சுக் காகிதத்தை அரிக்கும். இரவில் மட்டும் ஏசி போடும் அறையில் ஈரம் இறங்கி ஏறி இறங்கி ஏறி, அட்டைக்கு இன்னும் கெடுதல். குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி வைக்கவே கூடாது.

காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பெரும்பாலான பொம்மைகள் பிவிசி. அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசியும். மூடிய டப்பாவுக்குள் அது போக இடமில்லாமல் மேலேயே படிந்து பிசுபிசுக்கும். ஈரத்துக்கு மூட வேண்டும், பிசுக்குக்குத் திறக்க வேண்டும். நடைமுறையில் சரிவருவது கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட், அதாவது உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் மின் அலமாரி. ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். அதற்குக் காசில்லாவிட்டால் பாலிப்ரொப்பிலீன் டப்பா, 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஜெல் பச்சையானதும் அடுப்பு அவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். மளிகைக் கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பொம்மை அருகே வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. தண்ணீர் சேர்ந்து அது கவிழ்ந்தால் உப்புநீரில் அட்டை ஊறிவிடும்.

பிவிசி பொம்மை தெர்மோகோல் தட்டில் நேராகப் படாமல் பாருங்கள். கசியும் பொருள் தெர்மோகோலைக் கரைத்துப் பொம்மையோடு ஒட்டவைத்துவிடும். நடுவே அமிலமற்ற டிஷ்யூ காகிதம் ஒன்று போதும். ஏற்கெனவே பிசுபிசுத்தவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மென்மையான பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். சிப் உள்ள அடித்தட்டை ஊறவிடாதீர்கள். ஸ்பிரிட், தின்னர் தொட்டால் பெயின்ட் போய்விடும். பொம்மையின் கையில் வளைந்துபோன வாளை 60, 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமுக்கினால் அப்படியே நிற்கும்.

வாடகை ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு மாறும்போது இந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றாதீர்கள். வெயிலில் நிற்கும் லாரிக்குள் நேராக்கிய வாள் மறுபடி வளையும். விளக்கு எரியும் பொம்மையானால் பொத்தான் பேட்டரியை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்தால் தகடு பச்சை பூத்துப்போகும். பெட்டிகளைக் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) காரில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம், டிரைவர் சிரித்தால் சிரிக்கட்டும்.