கேஸ் கட்டுகளுக்குக் கேபினட் வாங்கிய அனுபவம்

நாகப்பட்டினத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 22 ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். சென்ற மே மாதம், உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த நாட்களில், கேஸ் கட்டுகளை வைப்பதற்குப் புதிய ஃபைல் கேபினட்டுகள் வாங்கும் பொறுப்பைச் சார் என்னிடம் ஒப்படைத்தார். வாங்கி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. கடலோரத்தில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் அலுவலகத்தின் ஓடுகள் பறந்து, மர அலமாரியின் மேல்தட்டில் இருந்த கட்டுகள் முழுக்க நனைந்துவிட்டன. அடுத்த சில மாதங்களில், கிடைத்தது போதும் என்ற அவசரத்தில் நான்கு டிராயர் வைத்த இரும்புக் கேபினட் ஒன்றை உள்ளூரிலேயே வாங்கினோம். மூன்றே ஆண்டுகளில் அதன் அடிப்பாகத்தில் துரு ஏறத் தொடங்கியது. புதியவை வாங்குவதற்கு முந்தைய கார்த்திகையில் ஒரு நாள் கீழ் டிராயரை இழுத்தேன். முகப்பு மட்டும் கையோடு வந்தது, அடித்தகடு கழன்று தரையில் விழுந்தது. அதில் ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கட்டு இருந்தது. கட்சிக்காரர் வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்திடும் வக்காலத்தின் ஓரம் நெடுகிலும் கோடு போட்டாற்போலத் துருக்கறை. வழக்குத் தொடுக்கும் மனுவான பிராதின் கடைசிப் பக்கம் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கிழிந்தது. கட்சிக்காரர் நம்மை நம்பிக் கொடுத்த காகிதம் நம் கையில் கிழிந்ததே என்று அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் இம்முறை கடைக்குப் போவதற்கு முன் கட்டுகளை அளந்தேன். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், லீகல் தாளின் நீளம் 14 அங்குலம், அதாவது ஏறத்தாழ 35.6 சென்டிமீட்டர். எங்களிடம் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பழைய கட்டுகளில் மேலுறையாக வைக்கும் டாக்கெட் அட்டையும் சேர்ந்தால் 15 அங்குலத்தைத் தொடுகிறது. முதலில் பார்த்த கடையில் காட்டிய கேபினட் பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் மஞ்சப்பையில் கொண்டுபோயிருந்த கட்டு ஒன்றை டிராயருக்குள் வைத்தபோது இரண்டு பக்கமும் இடித்து, நடுவில் வில்லாக வளைந்தது. "மடிச்சு வைங்க சார், உக்காந்துரும்" என்றார் கடைக்காரர். மடித்த முத்திரைத்தாள் சில ஆண்டுகளில் மடிப்பிலேயே விட்டுப்போகும் என்பதை எத்தனையோ மூலப்பத்திரங்களில் பார்த்தவன் என்பதால், அந்தக் கடையிலிருந்து வந்துவிட்டேன்.

அடுத்து தகட்டின் கனம். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9, 18 கேஜ் சுமார் 1.2. எங்கள் பழைய கேபினட் 22 கேஜ். தஞ்சாவூரில் பார்த்த கடைகளில் பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே கனத்தை ஓரளவு கணிக்கக் கற்றுக்கொண்டேன். மெல்லிய தகடு உள்வாங்கி 'டொப்' என்று சத்தத்தோடு திரும்பும். ஆனால் எங்கள் ஊரில் கனம் மட்டும் போதாது. கடற்காற்றில் வரும் உப்பு தகட்டின் மேல் படிந்து, மழை இல்லாத நாளிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே டிராயரை முழுவதும் கழற்றித் தரச் சொல்லி, கவிழ்த்துப் பார்த்தேன். வெளியே வழவழவென்று பவுடர் கோட்டிங் இருந்த ஒரு கேபினட்டில், அடிப்பக்க மடிப்புகளிலும் வெல்டிங் வைத்த புள்ளிகளைச் சுற்றியும் வெறும் இரும்பு தெரிந்தது. துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் கழுவி, அதன் பிறகு கோட்டிங் கொடுத்ததாக இருக்க வேண்டும். ஏழு தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுப்பதால் கடைக்காரர்கள் இதைச் 'செவன் டேங்க்' என்கிறார்கள்.

எடையையும் கணக்குப் போட்டேன். 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் 500 கொண்ட ஒரு ரீம் சுமார் 2.3 கிலோ, கனம் 5 சென்டிமீட்டர். 55 சென்டிமீட்டர் ஆழம் நிறைந்தால் ஒரு டிராயரில் 25 கிலோவுக்கு மேல் நிற்கும். நான்கு டிராயருக்கு 100 கிலோ. இரண்டு மேல் டிராயர்களைச் சேர்த்து இழுத்தால் கேபினட் ஆள்மேல் சாயும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றவை பூட்டிக்கொள்ளும் அமைப்பு வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஜூனியர் மேடம் எப்போதும் அவசரத்தில் கட்டு தேடுபவர். அவரை நினைத்தே அதை வற்புறுத்தினேன். அந்த ஒன்றுக்காக விலை கூடியதற்குச் சார் மறுப்புச் சொல்லவில்லை.

தீயைத் தாங்கும் கேபினட்டையும் விசாரித்தோம், விலை கட்டுப்படியாகவில்லை. சாதாரண இரும்புக் கேபினட் தீயைத் தாங்காது என்பதால், அலுவலகத்தில் தங்கிப்போயிருந்த மூலப்பத்திரங்களைக் கட்சிக்காரர்களை வரவழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தோம்.

முடிவில் 20 கேஜில், உள் அகலம் 15 அங்குலத்துக்கு மேல் உள்ள நான்கு டிராயர் கேபினட் இரண்டு வாங்கினோம். நடப்புக் கட்டுகள் மட்டும் அவற்றில், நீதிமன்ற வாரியாக: மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், முன்சீப் கோர்ட் என்று. முடிந்த கட்டுகள் துணியில் கட்டி, தட்டு வைத்த பீரோவுக்குப் போயின. கொத்தனாரை வைத்து அரை அடி உயரத்துக்கு மேடை கட்டி, மேலே கடப்பா கல் பதித்து, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் கேபினட்டுகளை நிறுத்தினோம். தரை துடைக்கும் தண்ணீர் இனி அடித்தகட்டைத் தொடாது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு முதலியவற்றை இடித்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அதைப் பின்பற்றி ஒவ்வொரு டிராயரிலும் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சியை இதுவரை காணவில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழையோடு கழிந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் கீழ் டிராயரைக் கழற்றி, அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் தூசி மட்டுமே ஒட்டியது. அந்தப் பாகப்பிரிவினைக் கட்டு, கிழிந்த பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கிச் சேர்க்கப்பட்டு, இப்போது இரண்டாவது டிராயரில் மடங்காமல் நிற்கிறது. வாய்தா தை மாதத்தில்.