ஸ்கேனில் தெரியாத குடல்வால்

போன ஆடியில் ஒரு ராத்திரி தொப்புளைச் சுற்றி வலி. சூடு பிடித்திருக்கும் என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுத்தார், நானும் குடித்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பார்த்தால் வலி இறங்கி வலது அடிவயிற்றில் ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டு தடவை வாந்தி. ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கும்போது உயிர் போய் வந்தது.

டூட்டி டாக்டர் அந்த இடத்தை மெதுவாக அழுத்தும்போதுகூடப் பொறுத்துக்கொண்டேன், கையைச் சட்டென்று எடுத்தாரே, அப்போதுதான் அலறிவிட்டேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வீங்கியிருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள், ஆனால் ஸ்கேனில் அது தெரியவில்லை, குடலில் இருந்த காற்று மறைத்துவிட்டதாம். பெண் என்பதால் சினைப்பையில் நீர்க்கட்டி முறுக்கியிருக்குமோ என்ற சந்தேகம் வேறு. "லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு, உள்ளே பார்த்துவிடுவோம், எதுவாக இருந்தாலும் அப்போதே முடித்துவிடலாம்" என்றார் சர்ஜன். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்தும் செய்வோம் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாமல் சம்மதிப்பது லேசான காரியமில்லை.

கண் விழித்தபோது தொண்டை கரகரவென்று இருந்தது, மயக்கத்தில் குழாய் விட்டிருந்தார்கள். தொப்புளருகே ஒன்று, அடிவயிற்றில் இரண்டு என மூன்று சின்னப் பிளாஸ்திரி, அவ்வளவுதான். குடல்வால் வீங்கித்தான் இருந்ததாம், நல்லவேளை வெடிக்கவில்லை. சினைப்பையில் ஒன்றுமில்லை.

இதில் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தோள்வலி. அன்று ராத்திரி வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் குத்தி எடுத்தது, மாரடைப்போ என்று பயந்துபோய் பெல் அடித்தேன். பரிசோதித்துப் பார்த்த பிறகு சிஸ்டர் விளக்கினார்: உள்ளே பார்க்க வசதியாக வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள், மிச்சமிருப்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்தும், அதன் நரம்பு வழியாக வலி தோளில் தெரியும், எழுந்து நடந்தால் குறையும். காலையில் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நாலு நடை நடந்தேன், நிஜமாகவே குறைந்தது, இரண்டு நாளில் போயே போய்விட்டது. இந்த ஒரு வார்த்தையை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அப்படி நடுங்கியிருக்க மாட்டேன்.

அப்புறம் "காற்று பிரிந்ததா?" என்று வருகிறவர் எல்லாம் கேட்டார்கள், பிரிந்த பிறகு கஞ்சி. இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்கள், அது ரொம்ப உதவியது. மூன்றாம் நாள் வீடு. பாவாடை நாடா சரியாகக் காயத்தின் மேலேயே உரசியதால் ஆறும்வரை நைட்டிதான். குடம் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அந்த மாதம் முழுக்கத் தெருக்குழாயில் அம்மாதான் தண்ணீர் பிடித்தார்.