பெங்காசி: யார் பொறுப்பு?

2012 செப்டம்பர் 11 இரவு, லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து தீ வைத்தது. தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸும் அலுவலர் ஷான் ஸ்மித்தும் பாதுகாப்பு அறைக்குள்தான் இருந்தார்கள். குண்டு பட்டு இல்லை, புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். விடியும் நேரத்தில் இன்னும் இரண்டு பேர்.

டிசம்பரில் வந்த அமெரிக்க வெளியுறவுத் துறையின் விசாரணை அறிக்கை, பாதுகாப்பு கொஞ்சமும் போதவில்லை, மேல்மட்ட நிர்வாகத்திலேயே கோளாறு என்றது. சரி, தண்டனை? யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை இல்லை. விடுப்பில் அனுப்பப்பட்ட நான்கு அதிகாரிகளும் 2013 ஆகஸ்டில் வேறு பணிக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் 2015 அக்டோபரில், தாக்குதல் நடந்தபோது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரி கிளின்டனிடம் நாடாளுமன்றக் குழு ஒரே நாளில் சுமார் 11 மணி நேர விசாரணை நடத்தியது. லிபியாவிலிருந்து கூடுதல் பாதுகாப்பு கேட்ட தூதரக ஊழியர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதுதானே முதல் கேள்வி? கட்சிச் சண்டையில் அது அமுங்கிப்போனது இன்றும் மனதை அறுக்கிறது.