இடது பின்சக்கர நிப்பிள் ஒருவழியாகத் திரும்பியது

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இன்று காலை என் மாருதி 800-இன் இடது பின்சக்கர ப்ளீடிங் நிப்பிள் (பிரேக்கிலிருந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் குட்டித் திருகு) ‘டக்’கென்று கால் சுற்று திரும்பியது, உடையாமல்!

போன மாதம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். இரண்டாம் கியரில் வந்தும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை, பர்லியார் நெருங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டதும் பழையபடி கெட்டியாகிவிட்டது. ஒழுகல் எங்கும் இல்லை. அப்படியானால் பிரேக் ஆயில் ஈரம் இழுத்துக் கொதித்திருக்கிறது, அந்த ஆவிக் குமிழிகள்தான் பெடலைப் பஞ்சாக்கியது. புது டாட் 3 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் சேர்ந்தால் 140 வரை இறங்கிவிடும். எங்கள் ஊர் மூடுபனியில் நான்கு வருடம் மாற்றாமல் ஓட்டியது தப்பு.

வலது பக்கம் பத்து நிமிட வேலை. இடது பக்கத்தில் நிப்பிளின் ரப்பர் மூடி இல்லை. முன்பு பிரேக் டிரம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் திரும்பப் போடாமலே விட்டிருக்கிறார்கள், இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. இத்துனூண்டு ரப்பர், அது இல்லாததால் துரு மரைக்குள் இறங்கிவிட்டது.

ஓப்பன் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம், முனை மழுங்கிவிடும். ஆறு முனை ரிங் ஸ்பேனர்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை வெளியே மட்டும் விட்டு (உள்ளே போனால் ரப்பர் வாஷர் ஊதிவிடும்) இரவு முழுக்க ஊறவிட்டேன். அப்புறம் நிப்பிளின் துளைக்குள் இறுக்கமாக உட்காரும் ட்ரில் பிட்டைத் தேடி, அதன் வழவழப்பான தண்டுப் பக்கத்தை நுழைத்தேன். நிப்பிள் குழாய் மாதிரி உள்ளீடற்றது, முறுக்கும்போது நசுங்கித்தான் உடைகிறது. பிட் உள்ளே இருந்தால் நசுங்காது. சின்ன சுத்தியலால் தலையில் பத்துப் பதினைந்து தட்டு, பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அதற்குப் பிறகுதான் கழற்றும் பக்கம். மூன்றாவது வாரமும் இதையே பொறுமையாகச் செய்தபோது அசைந்தது.

மலையில் சமதரைக்கு எங்கே போவது? பக்கத்துத் தேயிலை இலை எடை போடும் கொட்டகையில் சிமெண்ட் தரை இருக்கிறது, ஞாயிறு காலி. மகள் பெடலில். “அமுக்கும்மா… பிடி… விடாதே!” “அப்பா, கீழே போயிடுச்சுப்பா.” நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், அவளுக்கு அது அழகாகப் பிடிபட்டுவிட்டது. முதலில் வந்தது அசல் டிகாஷன் நிறம். தெளிவாக வரும்வரை விட்டோம். சேஸிஸில் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினேன், பெயிண்டைத் தின்றுவிடும்.

ஆயில் வாங்கும்போது சின்ன டப்பாவாகவே வாங்குங்கள். திறந்து வைத்த மீதியை நான் இனி வண்டியில் ஊற்ற மாட்டேன். கோயம்புத்தூர் கடையில் நிப்பிளும் மூடியும் நான்கு செட்டாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே போகும்போது வீல் சிலிண்டர் கிட்டும் (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டருக்கான ரப்பர் சாமான்கள்) விசாரிக்க வேண்டும், டிரம்மைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

முன்பக்கம் இரண்டும் இன்னும் பாக்கி. அதுவரை வண்டி கொட்டகை ஓரத்திலேயே நிற்கும், சக்கரத்துக்குக் கல் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும்.