கண் வீக்கமும் வெளுத்த கையும்

இமேடினிப் 400 மில்லிகிராம் மாத்திரையை ஆரம்பித்து ஒன்றரை மாதம் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் இமை இரண்டும் உப்பி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. ராத்திரியெல்லாம் அழுதாயா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அழவில்லை அக்கா, மாத்திரை என்றேன்.

எனக்கு சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது என்றார் டாக்டர். நான் தையல்காரி. ஒரு ஜாக்கெட்டின் துண்டை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்துவிட்ட மாதிரி என்று புரிந்துகொண்டேன். அந்தத் தப்பான தையலில் உருவாகும் புரதம்தான் வெள்ளணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறதாம். அதைத் தடுப்பதுதான் இமேடினிப்பின் வேலை. கீமோ மாதிரி முடி கொட்டவில்லை என்றதும் வேறு தொந்தரவே வராது என்று நம்பிவிட்டேன்.

முதல் வாரம் வாந்தி. டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டதுதான் காரணம். மதியம் வயிறாரச் சோறு சாப்பிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டு, உடனே படுக்காமல் இருந்தேன். அடங்கிவிட்டது.

ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. மிஷின் மிதிப்பதால் என்று நினைத்து மோட்டார் வைத்தேன். அப்புறமும் நிற்கவில்லை. டாக்டர் ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம் அளவெல்லாம் பார்த்து மருந்து எழுதினார். படுக்கும் முன் காலை நீட்டி மடக்கச் சொன்னார். இப்போது எப்போதாவதுதான் வருகிறது.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது தோல்தான். கையும் முகமும் வெளுக்க ஆரம்பித்தன. நிறம் தரும் செல்களுக்குத் தேவையான இன்னொரு புரதத்தையும் இந்த மாத்திரை தடுப்பதால் அப்படி ஆகுமாம். அளவு கொடுக்க வந்தவர்கள் "கலர் வந்துடுச்சே, என்ன க்ரீம் போடுறே?" என்று சந்தோஷமாகக் கேட்டார்கள். என் அம்மாவின் நிறம் அது. அது போவதைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில் அக்கா மகள் கல்யாணம் வந்தது. போட்டோவில் வீங்கின முகத்தோடு நிற்க வேண்டாம் என்று பத்து நாள் மாத்திரையை நிறுத்தினேன். முகம் வடிந்தது. சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம் என்று நானே முடிவு செய்து இரண்டு மாதம் ஓட்டினேன். அந்தத் தப்பான தையல் ரத்தத்தில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டுவது பி.சி.ஆர். பரிசோதனை. அடுத்த முறை பார்த்ததில், குறைந்துகொண்டே வந்த அந்த எண் ஏறியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. "வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "கண் வீங்குதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். நீர் இறங்க ஒரு மாத்திரையைச் சில நாள் மட்டும் கொடுத்தார். இவ்வளவுக்குத்தான் நான் இரண்டு மாதத்தைத் தொலைத்திருந்தேன்.

டப்பாவில் மிஞ்சியதைப் பார்க்கையில் இன்னொன்றும் உறுத்தியது. இதே மருந்து க்ளிவெக் என்ற பெயரில் மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அதனால்தான் மற்ற கம்பெனிகளும் இதைச் செய்து விற்க முடிந்து, என்னைப் போன்றவர்களுக்குக் குறைந்த விலை மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. அதையா எறிந்தேன்?

இப்போது தினமும் காலண்டரில் டிக் போடுகிறேன். வாரம் ஒரு முறை எடை பார்க்கிறேன். மளமளவென்று எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே போன் செய்ய வேண்டும். காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். பம்பளிமாஸ் பழம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் எண் மறுபடி இறங்கியிருக்கிறது. இன்று காலையிலும் இமை கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதற்காக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.