எக்ஸாஸ்ட் கேஸ்கெட் மாற்றிய அனுபவம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் சேர்ந்து வேகமெடுக்கும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். சூட்டில் இரும்பு விரிந்து கசிவை மூடிக்கொள்வதால் எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தை அடைக்கும் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் போனால் இப்படித்தான் கேட்கும். ஆனால் வால்வைத் திறக்க உதவும் ஹைட்ராலிக் டாப்பெட்டும் இதேபோல் சத்தம் போட்டு, ஆயில் ஏறியதும் அடங்கும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து நான் முடிவு செய்யவில்லை.

சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தேன். புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டும், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில், புகை வெளியேறும் ஒரு போர்ட்டைச் சுற்றி மட்டும் கரி படிந்திருந்தது. குளிர்ந்த எஞ்சினில் சைலன்சர் முனை வழியாக வாக்குவம் கிளீனரின் காற்றை உள்ளே ஊதவிட்டு, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். அதே இடத்தில் குமிழ் கிளம்பியது. ஸ்கேனரில் ஃபியூல் டிரிம் (எஞ்சின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூடுதலாகக் காட்டியதற்கும் காரணம் புரிந்தது. கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து எரிபொருள் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. சத்தம்தானே என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காருக்குள் வந்தால் தெரியவே தெரியாது.

சரி, வேலைக்கு வருவோம். கேஸ்கெட் மாற்றுவது என்கிறோமே தவிர, பாதி வேலை ஸ்டட்களோடுதான், அதாவது ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரைக் கம்பிகளோடு. முந்தின இரவே நட்டுகளில் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சார் வயரையும் பிரித்த பிறகு, ஆறுமுனை சாக்கெட்டால் கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் இறுக்கு, மறுபடி தளர்த்து என்று போனேன். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அதைத் துளை போட்டு எடுப்பது தனி நரகம். எனக்கு ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்து முழுசாக வெளியே வந்தது. நல்லதுதான், புதுசு போட்டேன்.

பழைய கேஸ்கெட் அந்தப் போர்ட் ஓரத்தில் கருகி அரித்திருந்தது. அலுமினிய ஹெட்டில் கீறல் விழக்கூடாது என்பதால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டினேன். மேனிஃபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்த்தேன். வளைவு மேனுவல் சொல்லும் அளவுக்குள்தான் இருந்தது. இதைப் பார்க்காமல் புது கேஸ்கெட் போடுவது வீண். முகம் வளைந்திருந்தால் அதுவும் சீக்கிரமே போய்விடும்.

புதிய கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீல் என்பதால் சீலன்ட் எதுவும் தடவவில்லை. எல்லா நட்டையும் கையால் பிடிக்கவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்க அளவு) படிப்படியாக இறுக்கினேன். கீழே குழாய் சேரும் இடத்து வளைய கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டேன். எப்படியும் திறந்தாயிற்று.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் புகைந்தது. ஊறின ஆயில் எரிவதுதான், திறந்த வெளியில் ஓடவிட்டால் போதும். இப்போது குளிர் ஸ்டார்ட்டில் சத்தம் இல்லை, ஃபியூல் டிரிமும் இறங்கிவிட்டது. ஹீட் ஷீல்டின் ஒரு போல்ட் மட்டும் தலை உருண்டுபோய்விட்டது. அடுத்த வேலை அது.